ஒத்திக்கு வீடு எடுப்பவர் வாடகைக்காரர் அல்ல, கடன் கொடுப்பவர்

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

கருங்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் செவிலியர் வேலை. கணவர் வளைகுடாவில். மகள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. தினமும் பேருந்தில் போய்வர முடியாமல் நகரத்திலேயே வீடு தேடியிருக்கிறார். முதலில் இணையத்தில் ஒரு விளம்பரம். ராணுவத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர் அடையாள அட்டைப் படத்தை அனுப்பி, "அட்வான்ஸ் சரிபார்ப்பு" என்று கியூஆர் கோடு அனுப்ப, இவர் 8,500 ரூபாயை இழந்திருக்கிறார். ஆதார் நகலும் போயிருக்கிறது. நடந்து மூன்று வாரம் ஆகிறது, புகார் கொடுக்கவில்லை.

இப்போது பார்வதிபுரம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைத் தரகர் காட்டியிருக்கிறார். 6 லட்சம் ரூபாய் ஒத்தி, இரண்டு ஆண்டு, மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வரும். உரிமையாளர் துபாயில். அவருடைய தம்பி 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மின்கட்டண ரசீது காலமான அப்பா பெயரில் இருக்கிறது. மூலப் பிரமாணம், அதாவது வீட்டின் அசல் சொத்துப் பத்திரம், "லாக்கரில்" இருக்கிறதாம். நாளைக்குள் 50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்கிறார்கள். சகோதரி நகையை அடகு வைத்து 4 லட்சமும், சீட்டு எடுத்து 2 லட்சமும் புரட்டத் தயாராக இருக்கிறார். "தரகர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் சபையைச் சேர்ந்தவர். நோட்டரி கையெழுத்தும் இருக்கும். வீட்டில் குடியேறிவிட்டால் பணம் தராமல் என்னை யாரும் இறக்க முடியாதல்லவா? முன்பணத்தைக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, அந்த 50,000 ரூபாயை நாளைக்குக் கொடுக்காதீர்கள். வீடு கைநழுவிப் போனாலும் பரவாயில்லை. இதை ஏமாற்று வேலை என்று நான் தீர்மானித்துவிடவில்லை. நேர்மையான குடும்பமாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு தாள்கூட இன்னும் உங்கள் கண்ணில் படவில்லை. மோசடியாக இருந்தாலும் நேர்மையான அலட்சியமாக இருந்தாலும், பணம் போகும் வழி ஒன்றுதான்.

முதலில் ஒரு கணக்கு. அந்தப் பகுதியில் அதுபோன்ற வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய் வாடகை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 1,08,000. உங்களுடைய 6 லட்சத்துக்கு அது 18 சதவீத வட்டி. அதாவது வீட்டுக்காரர் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி கொடுத்து உங்களிடம் கடன் வாங்குகிறார். சொந்த வீட்டை ஈடு காட்டினால் வங்கி இதைவிட எவ்வளவோ குறைந்த வட்டிக்குக் கொடுக்குமே, அவர் ஏன் வங்கிக்குப் போகவில்லை? அவசரம், வருமானச் சான்று இல்லாமை, பழக்கம் என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். வீடு ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். "லாக்கரில்" என்ற பதிலை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஒத்திக்கு வீடு எடுப்பவரைச் சட்டம் வாடகைக்காரராகப் பார்ப்பதில்லை. வீட்டை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவராகப் பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 58 இதை அனுபவ அடமானம் என்கிறது. வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருப்பது, அசல் திரும்பி வரும்வரை வீட்டைக் கையில் வைத்திருப்பது, இவை இரண்டும் அந்த உரிமையின் உயிர். ஆகவே ஒரு வங்கி அந்த வீட்டின் மேல் கடன் கொடுத்தால் எதையெல்லாம் பார்க்குமோ அதையெல்லாம் நீங்களும் பார்க்க வேண்டும்.

நோட்டரி கையெழுத்து என்ன செய்யும், என்ன செய்யாது

கையெழுத்துப் போட்டவர் தன் முன்னால் போட்டார் என்பதற்கு நோட்டரி சாட்சி. வீடு யாருடையது, அதன் மேல் கடன் இருக்கிறதா என்பதை அவர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 59 தெளிவாகச் சொல்கிறது: 100 ரூபாய்க்குக் குறையாத தொகைக்கு அடமானம் என்றால், மூல ஆவணத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் தவிர, மற்றதெல்லாம் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும் வேண்டும்.

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்ட ஒத்திச் சீட்டு நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெரும்பாலானவை சண்டையில்லாமல் முடிந்தும் விடுகின்றன. அதனால்தான் அது செல்லும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. தகராறு வந்து நீதிமன்றத்துக்குப் போனால், அந்தச் சீட்டை வைத்து ஒத்தி உரிமை கேட்க முடியாது. "பணம் கொடுத்தேன், திருப்பித் தரவில்லை" என்று சாதாரணக் கடனாகத்தான் வழக்குப் போட முடியும். அதற்கும் பொதுவாக 3 ஆண்டு காலக்கெடு. முத்திரைத் தீர்வை குறைவாகக் கட்டிய பத்திரம் என்பதால், விட்டுப்போன தீர்வையோடு அதன் 10 மடங்கு வரை அபராதம் கட்டினால்தான் சாட்சியத்தில் ஏற்பார்கள் என்ற தொல்லையும் உண்டு.

"குடியேறிவிட்டால் யாரும் இறக்க முடியாது" என்ற உங்கள் நம்பிக்கையும் இதனால் பாதிதான் சரி. பதிவு செய்த ஒத்தியாக இருந்தால், பணம் வரும்வரை வீட்டைப் பிடித்து வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டை விலைக்கு வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் உங்களுக்கு முன்பே வங்கிக்கு அடமானம் ஆகியிருந்தால் வங்கியின் உரிமைதான் முந்தும். கடன் வாராக்கடன் ஆனால், ஈடு வைத்த சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அது கடன் வாங்கியவருக்குப் போகும், உங்களுக்கு வராது. வீட்டுச் சுவரில் சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி கைப்பற்றுகிறது என்ற அறிவிப்பு, ஒட்டும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியவரும். அப்போது வீட்டைக் காலி செய்துவிட்டு, துபாயில் இருப்பவரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

தம்பி கையெழுத்துப் போட முடியுமா?

இரண்டு கேள்விகள் இதில் கலந்து கிடக்கின்றன. வீடு யாருடையது என்பது ஒன்று. மின்கட்டண ரசீது அப்பா பெயரில் இருக்கிறது என்பதால் பிரமாணமும் அப்பா பெயரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அந்த வீடு துபாய்க்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும், பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. "அக்காவுக்குச் சீதனம் கொடுத்துவிட்டோம், அவருக்குப் பங்கில்லை" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் நினைவில் நம் பகுதியில் இன்னமும் அப்படிப் பேசுகிறார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில், முன்னாள் திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இந்துக் குடும்பமாக இருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு. எனவே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த பாகப்பிரிவினையோ, தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, அண்ணனுக்காகத் தம்பி எழுதிக் கொடுக்கும் அதிகாரம். தொலைபேசியில் "தம்பி பார்த்துக்கொள்வான்" என்று சொல்வது போதாது. பவர் பத்திரத்தின் மூலத்தைப் பாருங்கள். அதில் அடமானம் வைக்கும் அதிகாரம் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாடகைக்கு விடவும் வாடகை வாங்கவும் மட்டும் கொடுத்த பவரை வைத்து ஒத்தி எழுத முடியாது. வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றோடு இருக்கிறதா, இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்துவிடும், ரத்து செய்தாலும் அப்படியே. வீடியோ அழைப்பில் உரிமையாளரிடம் பேசுவது நல்லது. ஆனால் திரையில் தெரியும் முகம் அவரிடம் அதிகாரம் இருப்பதற்குச் சான்றாகாது. அவர் விடுமுறைக்கு வரும் தேதி அருகில் இருந்தால் அதுவரை காத்திருந்து, நேரில் வந்து கையெழுத்திடச் செய்வதையே நான் விரும்புவேன்.

பார்க்க வேண்டிய தாள்கள்

பிரமாணத்தின் நகலைக் கேட்டு, அதிலுள்ள சர்வே எண்ணையும் பத்திர எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நகல் கொடுக்கவே தயங்குகிறார்கள் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சர்வே எண் கிடைத்தால், பதிவுத்துறை இணையதளத்தில் ஈசி என்று சொல்கிற வில்லங்கச் சான்றை நீங்களே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். விற்பனை, அடமானம், நீதிமன்ற ஜப்தி, மூல ஆவணத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான பதிவு எல்லாம் அதில் வரும். "அடமானம்" என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று இருந்தாலும் அது வங்கிக் கடன்தான். கடன் தீர்ந்திருந்தால் அதற்கான ரசீதுப் பத்திரமும் பின்னால் பதிவாகியிருக்க வேண்டும். வங்கி அடமானங்களைப் பதிந்துவைக்கும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் கட்டணம் கட்டித் தேடலாம்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு, அவற்றுக்குத்தான் மூலப் பிரமாணத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். பதிவு செய்யாத பழைய ஒத்தி வராது. வட்டிக்குக் கொடுப்பவரிடம் பிரமாணத்தைக் கொடுத்துக் கைமாற்றாக வாங்கிய பணம் வராது. பதியாத உயில் வராது. லாக்கரில் இருப்பது உண்மையானால் லாக்கரிலிருந்து எடுத்துவரக் கால் நாள் போதும். வங்கியில் கடனுக்கு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். அப்போது உங்கள் பணத்தை நேராக வங்கிக் கடன் கணக்கில் கட்டி, பிரமாணத்தை மீட்டு, அதே நாளில் ஒத்தி பதிவு செய்வது என்று ஒரு வழி இருக்கிறது. கடன் பாக்கி 6 லட்சத்துக்கு மேல் என்றால் அந்த வழியும் இல்லை.

இவற்றோடு பட்டா, மாநகராட்சி வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு எண். இவை பெயர்ப் பொருத்தம் பார்க்க உதவும். ஆனால் வரி ரசீது சொத்துரிமைக்குச் சான்றாகாது.

இன்னொரு வேலையைத் தாள்கள் செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். தரகர் இல்லாமல் ஒரு மாலை நேரம் அந்தத் தெருவுக்குப் போய், இதற்குமுன் அங்கே குடியிருந்தவர் யார், ஒத்திப் பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பழைய ஒத்திக்காரருக்குக் கொடுக்கத்தான் புது ஒத்திக்காரரின் பணம் என்று ஓடும் வீடுகள் நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு ஆண்டு முடிந்ததும் உங்களிடமும் "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்பார்கள். மோசடி எண்ணம் ஏதும் இல்லாமலே ஆறு மாதம், ஒரு வருடம் இழுத்துப்போகும். அந்தக் காலம் முழுக்க உங்கள் நகைக்கு வட்டி ஏறும். ஒரே வீட்டை இரண்டு மூன்று பேருக்கு ஒத்தி எழுதிக் கொடுத்து, ரொக்கம் வாங்கியவர்கள் காணாமல் போவதும் பதிவு இல்லாத இடத்தில்தான் எளிதாக நடக்கிறது.

பணம் எப்போது, எப்படி

எல்லாம் சரியாக இருந்தால் ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். சுவாதீனத்துடன் கூடிய அடமானத்துக்குக் கடன் தொகையில் 4 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 6 லட்சத்துக்கு 24,000 மற்றும் 6,000. மொத்தம் 30,000. பதியும் முன் அன்றைய விகிதத்தைப் பதிவுத்துறையின் கணக்கீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கத்தான் எல்லோரும் 100 ரூபாய்த் தாளுக்குப் போகிறார்கள். அதை இரு தரப்பும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். பதிவே வேண்டாம் என்று அடம் பிடித்தால், உங்கள் ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியக் கூடாது என்று அவர்கள் நினைப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணம் பதிவு நாளில், வங்கி வழியாக, பத்திரத்தில் உரிமையாளராக இருப்பவரின் சொந்தக் கணக்குக்கு மட்டும் போகட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு இங்கே என்ஆர்ஓ என்ற, வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு இருக்கும். தம்பி கணக்கும் தரகர் கணக்கும் வேண்டாம். 20,000 ரூபாய் அல்லது அதற்குமேல் கடனாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது என்பதால், "ரொக்கம்தான் வேண்டும்" என்பவருக்கு நீங்கள் சொல்லத் தயாரான பதில் இருக்கிறது. பரிமாற்ற எண், தேதி, தொகை பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். தவணை முடிந்தபின் பணம் தாமதமானால் என்ன வட்டி என்பதையும் எழுதுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது சாவியைக் கொடுப்பது, பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான். "காலி செய்தால்தான் புது ஆளுக்குக் காட்ட முடியும்" என்றால் வீட்டைத் திறந்து காட்டுங்கள், சாமான்களை எடுக்காதீர்கள்.

தரகர் ஊர்க்காரர், சபைக்காரர் என்பதை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பிரமாணம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். கமிஷன் பதிவு முடிந்தபின் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கே போனால்

என்னைக் கேட்டால், உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம். மாதம் 9,000 வாடகையில் இன்னொரு வீடு பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதாவது 27,000 ரூபாய். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அதைத் திருப்பித் தர வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்பது பழைய வழக்கம். இந்தச் சட்டத்தில் குறுகிய கால ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் வாடகை அதிகாரி. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றப் பார்த்தால் அவரிடமே போகலாம். ஒத்தியாக எழுதினால் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது, சிவில் நீதிமன்றம்தான்.

நகையில் 4 லட்சம் எடுத்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 40,000 ரூபாய் வட்டி. சீட்டிலும் கழிவு போகும். ஆகவே ஒத்தியில் மிச்சமாகும் தொகை நீங்கள் நினைக்கும் 1,08,000 அல்ல, அதில் பாதிக்குச் சற்று மேல். அதற்காக 6 லட்சத்தையும் பணயம் வைக்கிறீர்கள். வாடகை வீட்டின் உரிமையாளரும் வெளிநாட்டில் இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: வாடகையிலிருந்து வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருக்கு வருகிறது. ஆடிட்டரிடம் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

போன 8,500 ரூபாய்

சிறிய தொகை, போலீஸ் எடுக்காது என்று விட்டுவிட்டீர்கள். இன்றே 1930 என்ற எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க முடியும். மூன்று வாரத்துக்குப் பிறகு பணம் திரும்பும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் புகார் வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆதார் நகல் அவர்கள் கையில் இருக்கிறது. நாளை அதை வைத்து வேறு யாரையாவது ஏமாற்றினால், நீங்கள் முன்பே புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்பது உங்களைக் காப்பாற்றும். யுபிஐ பரிமாற்ற எண், உரையாடல் படங்கள், தொலைபேசி எண், விளம்பரத்தின் இணைப்பு எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். அவர் அனுப்பிய ராணுவ அட்டை வேறொரு அப்பாவியுடையதாக இருக்கலாம், அதைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

வங்கி கைவிரித்தது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்குத்தான் ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு விதி நேரடியாகப் பொருந்தும். நீங்களே பின் எண் போட்ட பரிமாற்றத்தில் வங்கியைப் பொறுப்பாக்குவது கடினம். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது அழைத்தால் அதுவும் அதே கூட்டம்தான்.

நாளைக்குத் தரகரிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "பிரமாண நகலும் வாரிசுச் சான்றும் கொடுங்கள், வில்லங்கம் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறேன், பதிவோடுதான் பணம்." தாள்கள் கிடைத்தால் அவற்றை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். தொலைபேசியில் கேட்பதானால் 15100.